நேராகப் போகிற தட்டு

“செகப்பு வேணாம் மச்சான். தூரமாப் போவும், ஆனா கடைசியில எடப்பக்கம் இழுத்துரும்லா” என்றான் பத்துமலை.

யேசுதாசன் பையிலிருந்த மூன்று பிளாஸ்டிக் எறிதட்டுகளையும் புல்லில் போட்டான். லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், வேலை பார்த்த ஆஸ்திரேலியக்காரர் எண்பத்தைந்தில் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனவை. பழைய ரப்பர்க் காட்டில் மரங்களில் கூடை கட்டி, அதில் தட்டை எறிந்து இருவரும் ஞாயிறுதோறும் டிஸ்க் கோல்ஃப் ஆடுவார்கள்.

வெள்ளை பாதித் தூரம்கூடப் போகாது. மஞ்சள் தட்டோ சிவப்பு அளவுக்குப் பறக்காது. ஆனால் விட்ட கோட்டை விட்டு விலகாது.

“மஞ்சள்தான். சொன்ன பேச்சு கேக்கும். மிச்சத் தூரத்த என் கை பாத்துக்கும்.”

யேசுதாசன் கத்தியால் அதன் நடுவே துளையிட்டு, தூண்டில் நரம்பைக் கட்டினான். நரம்பின் மறுமுனையில் கயிறு.

எதிரே ஆறு பொங்கி ஓடியது. மேலே லம்பத்துக் குட்டையின் கரை உடைந்து, தோட்டத்து மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. நடுவில் மிஞ்சிய ஒற்றைத் தூணில் அதே தோட்டத்து ஐயாவு நின்றார். அவர் தோளில் சாரோங்கில் சுற்றிய மகள் பாப்பா.

காய்ச்சலுக்குக் காம்பார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும் வழி. முன்னால் நடந்த மனைவி இருளாயி மட்டும் கரையேறியிருந்தாள். அலறல் கேட்டுத்தான் இவர்கள் ஓடி வந்தார்கள்.

“அண்ணே, கயிறு ரெண்டு பேரத் தாங்காது! ஒவ்வொருத்தராத்தான் வரணும்!” பத்துமலை கத்தினான்.

“நீங்க மொதல்ல வாங்க! நீங்க கட்டிக்குங்க!” இருளாயி தொண்டை கிழியக் கூவினாள்.

பத்துமலைக்கு ஆத்திரம் வந்தது. “பெத்தவ பேசுற பேச்சாக்கா இது? பிள்ளைய அனுப்பச் சொல்லு!”

அவள் மறுபடியும் புருஷனையே கூப்பிட்டாள்.

யேசுதாசன் மூச்சை இழுத்துப் பிடித்துச் சுழற்றினான். தட்டு தண்ணீருக்கு மேலே தாழப் பறந்தது. காற்று அடித்தும் கோணவில்லை. நேராகப் போய் ஐயாவுவின் நெஞ்சில் மோதியது. அவர் ஒரு கையால் அணைத்துக்கொண்டார்.

அவர் நரம்பை இழுக்க, கயிறு போய்ச் சேர்ந்தது. ஐயாவு கரையிலிருந்த மனைவியைப் பார்த்தார். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பிறகு கயிற்றைப் பிள்ளையின் உடம்பில் சுற்றிச் சுற்றிக் கட்டி, நெற்றியில் முத்தமிட்டுத் தண்ணீரில் இறக்கினார்.

இருவரும் உள்ளங்கை தோலுரிய இழுத்தார்கள். பிள்ளை கரைக்கு வந்த நேரம் தூண் சாய்ந்தது. மறுபடி வீச யேசுதாசன் சிவப்புத் தட்டை எடுப்பதற்குள் அங்கே தண்ணீர் மட்டுமே இருந்தது.

இருளாயி அழவில்லை. ஆற்றையே பார்த்தபடி நின்றாள்.

பத்துமலை பாப்பாவை மடியில் போட்டு, உள்ளங்கால்களைச் சூடு பறக்கத் தேய்த்தான். “கண்ணத் தொற பாப்பா… அப்பா உன்னத்தான்டா அனுப்பிச்சாரு. அக்கா, நான் மோட்டார எடுத்தாறேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம், சீக்கிரம் வாக்கா!”

இருளாயி குனிந்து, ஈரச் சாரோங்கை இழுத்து மகளின் முகத்தை மூடினாள்.

“அங்கேருந்துதான் வாரோம் தம்பி. காலையிலேயே செத்துப்போச்சு.”