உச்சியக்கா இறங்கினாள்

பாதித் தளத்துக்குத்தான் கான்கிரீட் விழுந்திருந்தது. உச்சியக்கா கிரேனில் தொங்கிய கலவைத் தொட்டியைத் தரையில் இறக்கி வைத்தாள்.

கொக்கியை மேலே இழுத்தாள். கிரேனின் நீண்ட கையைக் காற்றின் போக்கில் சுழல விட்டுவிட்டு இருக்கையிலிருந்து எழுந்தாள்.

வாக்கி-டாக்கியில் ஃபோர்மேன் கத்தினார். "என்னம்மா, மிஷின் ரிப்பேரா?"

"மிஷினுக்கு ஒண்ணுமில்ல. நான் இறங்குறேன்."

கான்கிரீட் போடும் நாளில் கிரேன் ஓட்டுபவர் இறங்குவதாவது. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் தரையை மிதிக்க வேண்டும். மேலே கழிப்பறை கிடையாது.

அதற்குப் பயந்துதான் அவள் நிலாவாரைப் பொடியைத் தொட்டாள். படுக்கும்முன் வெந்நீரில் ஒரு சிட்டிகை. விடிவதற்குள் வயிறு காலி. பகல் முழுக்க நிம்மதி.

வெறும் இலைதானே என்று வருஷக்கணக்கில் குடித்தாள். சிட்டிகை போய்க் கரண்டி வந்தது. கரண்டியும் போதாமல் போனது. ஒரு ராத்திரி விட்டால் வயிறு கல்லாகிவிடும்.

போன மாதம், நெம்புகோலைப் பிடித்த விரல்கள் பிடித்தபடியே விறைத்துக்கொண்டன. இரும்புக் கம்பிக் கட்டு ஆட்களின் தலைக்கு மேல் ஊசலாடி, சுவரில் உரசி நின்றது. யாருக்கும் அடியில்லை. அவளுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். குடலுக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார். உள்சுவர் டீக்கறை படிந்ததுபோல் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு நாளடைவில் போய்விடும் என்றார் அவர். பேதியோடு பேதியாக உடம்பின் உப்பும் வடிந்துவிட்டது, இன்றைக்கு விரல், நாளைக்கு இதயம் என்றும் சொன்னார்.

"குடலுக்கு அதோட வேலை மறந்துபோச்சும்மா. பொடியைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. அது எப்ப கூப்பிடுதோ, போட்டது போட்டபடி எழுந்து போங்க."

விட்டாள். பழம் தின்றாள், குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தாள். தினமும் காலையில் மகள் கதவைத் தட்டும்வரை கழிப்பறையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா தந்த மருந்தை ஆசனவாயில் வைத்தால்தான் ஏதோ போனது. தானாக ஒருநாளும் கூப்பிடவில்லை.

இன்றைக்குக் கூப்பிட்டது. கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரன் வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் குரல் கொடுப்பதுபோல.

"எதுக்கு இறங்குற? காரணத்தைச் சொல்லு," என்று மறுபடி அலறியது கருவி.

வேலையிடம் முழுக்கக் கேட்கும் என்று தெரிந்தேதான் அவள் பொத்தானை அழுத்தினாள்.

"வயிறு கூப்பிடுது சார். இத்தனை வருஷம் பொடி போட்டுப் போட்டு அதைக் கெடுத்து வச்சிருந்தேன். இன்னிக்குத் தானா கூப்பிடுது. போயிட்டு வர்றேன்."

கீழே யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவள் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினாள்.

ஏணியடியில் ஃபோர்மேன் வழியை மறித்தார். "கலவை இறுகிட்டா யாரு பொறுப்பு? இன்னையோட உன் வேலை முடிஞ்சுது."

"சரி சார். அதை வந்து பேசிக்கலாம்," என்று அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

கழிப்பறையின் தகரக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அவசரப்படவில்லை. வெளியே ஒரு கட்டடமே தனக்காக நிற்கிறது என்பது அவளை எதுவும் செய்யவில்லை.

நடந்தது. பொடி இல்லாமல், மருந்து இல்லாமல். கதவுக்குப் பின்னால் தனியாக, சத்தம் வராமல் சிரித்தாள்.

கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது ஃபோர்மேன் அங்கேதான் நின்றிருந்தார். ஆனால் அவர் இவளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பக்கத்துக் கிரேனும் நின்றிருந்தது.

அதை ஓட்டுகிற மீசைக்காரன், ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு பிரச்னையா என்று சாப்பாட்டு நேரத்தில் ஊரே கேட்கப் பேசுகிறவன், ஏணியில் இறங்கி, ஃபோர்மேனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து வந்தான்.

அவள் முன்னால் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"நானும் அந்தப் பொடிதான்க்கா. உள்ளே தண்ணி வருதா?"