முதல் எழுத்து மட்டும் போதும்

“கீழ் வரிதான் வந்திருக்கு தம்பி. மனசைத் தேத்திக்க,” என்றார் லிஃப்ட் அண்ணன்.

வகுப்புக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றிருந்த கண்ணாடிக்கடைக்காரனின் கையில் பேப்பர் டம்ளர் நசுங்கியது. காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்காத மனுஷன். கீழ் வரி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாதா, எழுதியதே அவன்தானே.

“நல்லாப் பாத்தீங்களாண்ணே?”

“என் கண்ணுக்கு என்ன கேடு? நீ போட்டுக் கொடுத்த கண்ணாடிதானே இது. ‘பரவாயில்லை, நல்ல நண்பர்களாக இருப்போம்’னு ஸ்கிரீன்ல கொட்டை எழுத்துல நிக்குது. நான் பின்வரிசை, எனக்கே தெரியுது.”

அண்ணனுக்குப் பகலில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. இவனுக்குப் பகலில் கண்ணாடிக் கடை. வருகிறவர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டி ‘இது என்ன எழுத்து, சொல்லுங்க’ என்று கேட்பான். சாயங்காலமானால் இந்த ஜாவா வகுப்பில் உட்கார்ந்து, அதே வேலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து நாற்காலி, மருந்துக்கடைப் பெண்ணுடையது. அவளிடம் செமிகோலனைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவான். மனதில் இருப்பதைச் சொல்லப் போனால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்போது அவளுக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வந்துவிட்டது, இன்றுதான் கடைசி வகுப்பு. இன்றைக்கு விட்டால் அவளை எங்கே போய்ப் பிடிப்பது?

அந்த வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் எழுதிய புரோகிராமை அடுத்தவர்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். எழுதியவர் வெளியே போய்விட வேண்டும், பக்கத்தில் நின்றுகொண்டு ‘அதை அடிங்க, இதை அடிங்க’ என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது. டீச்சர் இந்த விஷயத்தில் கறார்.

இன்றைய பாடம், எழுத்துகளை ஒப்பிட்டு, ‘இப்படி இருந்தால் இது’ என்று இஃப் போட்டு முடிவெடுப்பது. ஆளாளுக்குப் பழத்தின் பெயர், பூவின் பெயர் என்று எழுதினார்கள். நம் ஆள் எழுதிய புரோகிராம், ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா?’ என்று தமிழில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்.

எழுதி முடித்ததும் முதலில் லிஃப்ட் அண்ணனிடம்தான் காட்டினான்.

“ஆம், ஆமா, ஆமாம், ஆமாங்க... எப்படி வேணா அடிப்பாங்கண்ணே. முழு வார்த்தையையும் ஒப்பிட்டா எங்கேயாவது உதைக்கும். அதனால முதல் எழுத்தை மட்டும் பாருன்னு சொல்லிட்டேன். ‘ஆ’ன்னா மேல் வரி, ‘நாளைக்கே உங்கள் வீட்டுக்கு வருகிறேன்’னு வரும். ‘இ’ன்னா கீழ் வரி.”

“வேற எழுத்து வந்தா?”

“மறுபடியும் கேக்கும். விடாது.”

“கில்லாடிதான்பா நீ,” என்று அண்ணன் முதுகில் தட்டினார். அந்தத் தட்டில் வந்த தைரியத்தில்தான் அவன் நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு வெளியே வந்தான். இப்போது அதே அண்ணன் அதே முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வகுப்புக் கதவு திறந்தது. தோளில் பையோடு வந்த மருந்துக்கடைப் பெண், இவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடகடவென்று மாடிப்படியில் இறங்கிப் போனாள்.

“போய் ஒரு வார்த்தை பேசு தம்பி.”

“இனி என்னத்தண்ணே பேச? மூஞ்சியில அடிச்ச மாதிரி பதில் வந்தாச்சு.”

“அட, லிஃப்ட்டே நாலு வாட்டி பட்டனை அமுக்கினாத்தான் வருது. ஒரு தடவை கேட்டுட்டு இடிஞ்சுபோய் நிக்கிறியே.”

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த வயதில் குழாயடியில் நின்று அழுதால் நன்றாக இருக்காது என்று குனிந்து முகத்தைக் கழுவினான். நிமிர்ந்தபோது அவள் எதிரே நின்றிருந்தாள். பாதிப் படி இறங்கியவள் திரும்பி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“ஏங்க, நான் என்ன உங்களுக்கு விளையாட்டுப் பொம்மையா?”

அவன் ஈர முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தான். “தப்புதாங்க. நேர்ல கேக்கத் தைரியம் இல்லாமத்தான் புரோகிராம்ல எழுதினேன். மன்னிச்சிருங்க.”

“எழுதினது சரி. அதுக்குக் கீழே நண்பர்களா இருப்போம்னு ஒரு வரி எதுக்கு?”

“நீங்க சங்கடப்படக் கூடாதுன்னுதாங்க. நீங்க இல்லைன்னு சொன்னதுல எனக்கு வருத்தமே கிடையாது,” என்று முழுப் பொய்யாக ஒரு பொய் சொன்னான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நான் எப்பங்க இல்லைன்னு சொன்னேன்?”

லிஃப்ட் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரன் ஓரடி முன்னால் வந்தான்.

“அப்போ... என்னதாங்க அடிச்சீங்க?”

அத்தனை கோபமும் எங்கே போனதோ, அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“‘இதைக் கேக்க இவ்ளோ நாளா?’ன்னுதாங்க அடிச்சேன்.”