போகாத போட்டோ

"ஏம்மா, சைட்ல இருக்கற ஒரு போட்டோவை எடுக்க எவ்வளவு நேரம்?"

மேனேஜர் போட்ட சத்தத்தில் ஆபீஸில் இருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டிசைனருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"பத்து நாற்பதுக்கே எடுத்துட்டேன் சார்."

"முதலாளி போன்ல இன்னும் தெரியுதாம். என் மேல எரிஞ்சு விழறார்!"

அது லிப்ட் பராமரிக்கும் கம்பெனி. அதன் வெப்சைட்டில் 'எங்கள் குழு' என்றொரு பக்கம். அதில் மூன்றாவது போட்டோ ஸ்பேனருடையது. ஸ்பேனர் என்பது சீனியர் மெக்கானிக்குக் கம்பெனி வைத்த பட்டப்பெயர். கயிறு தேய்ந்துபோன ஒரு லிப்டைப் பார்த்து, 'இதில் ஆள் ஏறக் கூடாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார் மனிதர். கஸ்டமர் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனார். முதலாளி ஸ்பேனரை வீட்டுக்கு அனுப்புகிறார். இன்று மாலை ஐந்து மணிவரைதான் அவருக்கு இங்கே வேலை.

அதுவரைக்கும்கூட முதலாளிக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குள் அந்த மூஞ்சி சைட்டில் இருக்கக் கூடாது என்று வெளியூரிலிருந்து உத்தரவு போட்டுவிட்டார்.

அதே பன்னிரண்டு மணிக்குத்தான் ஸ்பேனருக்கு வேறொரு இடத்தில் இன்டர்வியூ. கிளம்பும்முன் டிசைனரின் மேஜையருகே வந்து நின்றார்.

"தங்கச்சி, அவங்க நம்ம சைட்டைத் திறந்து பாப்பாங்களாம். என் போட்டோ இல்லேன்னா ஏதோ தப்புப் பண்ணி வெளிய வந்தவன்னு நெனச்சிருவாங்க. இருக்கும்ல?"

"கண்டிப்பா இருக்கும்ணே." பக்கத்தில் மேனேஜர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததால், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

உத்தரவு வந்ததும் அந்தக் 'கண்டிப்பா' காற்றோடு போயிற்று. அவளுக்கும் வாடகை, வயிறு எல்லாம் இருக்கிறதே. ஒரே கிளிக். மனசு குறுகுறுத்தது. ஆனாலும் எடுத்துவிட்டாள்.

எடுத்த போட்டோதான் இப்போது அவள் திரையிலேயே சிரித்துக்கொண்டிருக்கிறது.

மறுபடி எடுத்தாள். வெப்சைட் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எது கோளாறானாலும் முதல் பழியைக் 'கேஷ்' என்ற தற்காலிகச் சேமிப்பின் தலையில் போடுவார்கள். அவளும் போட்டாள்.

"கேஷ் பிரச்சினை சார்."

"அப்படின்னா?"

இன்டர்நெட் விஷயத்தில் மேனேஜர் சுத்தக் கைநாட்டு. சைட் தொடங்கியபோது அவருக்கும் ஒரு லாகின் போட்டுக் கொடுத்து, இரண்டு நாள் சொல்லியும் கொடுத்தாள். மவுஸைக் காலிங்பெல் அழுத்துவதுபோல் அழுத்தினார். அத்தோடு விட்டுவிட்டாள்.

"ஒரு தடவை பார்த்த பக்கத்தைப் போன் ஒரு நகல் எடுத்து வெச்சுக்கும் சார். அடுத்த தடவை சீக்கிரம் காட்டணும்னு அந்தப் பழசையே காட்டும். அதை அழிக்கச் சொல்லுங்க."

"பழைய... நகல்..." என்று ஒரு துண்டுப் பேப்பரில் எழுதிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

பதினொன்றேகாலுக்குத் திரும்பி வந்தார்.

"அழிச்சுட்டாராம். அப்பவும் இளிச்சுக்கிட்டு நிக்கறானாம்! உனக்கு வேலை தெரியுமா, தெரியாதா?"

அவள் மூன்றாம் முறை எடுத்தாள்.

"போன்ல மட்டும் இல்ல சார். சைட் வேகமா திறக்கணும்னு நடுவுல அங்கங்க இருக்கற கம்ப்யூட்டர்லயும் நகல் இருக்கும். எல்லாம் மாற நேரமாகும்."

"மெதுவா சொல்லு. எழுதணும்."

பதினொன்றே முக்காலுக்கு முதலாளியே கூப்பிட்டார். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பன்னெண்டுக்குள்ள அது போகலேன்னா, அந்தப் பொண்ணும் அவனோடவே கிளம்பட்டும்!"

"பொண்ணு மேல தப்பில்ல சார். இன்டர்நெட்டே அப்படித்தானாம்." மேனேஜர் பேப்பரை எட்டப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். "நடுவுல இருக்கற கம்ப்யூட்டர் எல்லாம்... நகல் வெச்சிருக்குமாம். அது தானாத்தான் மாறணுமாம். அவளை அனுப்பிட்டா இதைச் சரி பண்ண யாரு சார் இருக்கா?"

"எப்படியோ, இன்னிக்குள்ள போகணும்!" என்று முதலாளி போனை வைத்துவிட்டார்.

அவள் அவசரமாக மவுஸைத் தொட்டாள்.

"நீ தொட்டுத் தொட்டுத்தான் கெட்டுப் போச்சு. எழுந்து போய் ஒரு டீ குடிச்சிட்டு வா!" என்று அதட்டினார் மேனேஜர்.

எல்லோர் முன்னாலும் அந்த அவமானமும் சேர்ந்துகொண்டது.

பன்னிரண்டே முக்காலுக்கு அவள் போன் அடித்தது. ஸ்பேனர்.

"வேலை கெடைச்சிருச்சு தங்கச்சி! என் எதிர்லயே சைட்டைத் திறந்து பாத்தாங்க. உன் வேலையைப் பணயம் வெச்சு எனக்காக நின்னிருக்கே. இதை உசிரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

போட்டோவை மூன்று தடவை எடுத்த தன் விரலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி வாங்கக் கூசியது.

"சந்தோஷம்ணே" என்று வைத்தாள்.

மேனேஜர் அறைக் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினார். "இப்ப எடுத்துப் பாரும்மா. போனாலும் போகும்."

எடுத்தாள். போயிற்று. பத்து நிமிடம் காத்திருந்தாள். திரும்ப வரவில்லை.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "போயிருச்சு சார்... நமக்கெங்க சார் இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாம் புரியுது!"

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சைட்டில் யார் எதை எப்போது மாற்றினாலும், அது ஒரு பட்டியலில் பதிவாகும். யாரும் எட்டிப் பார்க்காத மூலை அது. திறந்தாள்.

10.40 போட்டோவை நீக்கியவர்: டிசைனர்.

10.46 திரும்பச் சேர்த்தவர்: மேனேஜர்.

கீழே இன்னும் இரண்டு முறை அதே வரிகள், அதே வரிசையில்.