கேள்வி மேசை

"பெரியவரே, அந்தத் திரையை ஏன் இப்படி முறைக்கிறீங்க? உங்களை அது என்ன பண்ணுச்சு?"

கேட்டவன் யோங்பின். வரலாறு படிக்கிற மாணவன்.

"என்ன பண்ணுச்சா? மேங் சுனோக் உட்கார்ந்த நாற்காலியைப் பிடுங்குச்சு!"

தென்கொரியாவின் தேகு நகரில் இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இருபத்தாறு வருஷமாகப் புத்தக வண்டி தள்ளுகிறேன். கேள்வி மேசையில் மேங் இருந்தவரை, யார் வந்தாலும் முதலில் "சாப்பிட்டீங்களா?" என்பாள். அப்புறம்தான் புத்தகம்.

போன மார்ச்சில் அவளை அடித்தளத்தில் பழைய செய்தித்தாள் அடுக்க அனுப்பிவிட்டு, செயற்கை நுண்ணறிவு என்று இந்தத் திரையை வைத்தார் தலைமை நூலகர். வண்டி கிறீச்சிடுகிறது என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லார் எதிரிலும் என்னைத் திட்டினவர். நான் மறக்கவில்லை.

"நல்லாத்தானே பதில் சொல்லுது? பரீட்சை வாரத்துல, 'முதல்ல சாப்பிட்டு வாங்க, அப்புறம் தேடலாம்'னு எழுதுச்சு."

"இரும்புக்கு ஏதுடா அக்கறை? அவ பேச்சைத் திருடிப் பேசுது!"

அந்த வாரமே ஒரு படிவம் வந்தது. 'நூலகத்தில் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்வது தெரியுமா? அது தொடரலாமா?'

விடுவேனா? காவலாளி, கூட்டுகிற பெண்கள், காபி வாங்க நின்ற மாணவர்கள், ஒருவர் விடாமல் பிடித்து 'வேண்டாம்' போட வைத்தேன்.

யோங்பின் தயங்கினான்.

"அந்த அம்மா மேல வரணுமா, வேண்டாமாடா?"

போட்டான்.

இரண்டு வாரத்தில் திரையைக் கழற்றினார்கள். கிம்பாப் என்கிற சோற்றுச் சுருள் இரண்டு வாங்கிக்கொண்டு அடித்தளத்துக்கு ஓடினேன்.

மேங் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"மேல மேசைக்குத்தானே?"

"வீட்டுக்கு, அண்ணே. மேசை இருந்த இடத்துல காபிக் கடை வருதாம்."

"அந்தச் சனியனைத்தான் தூக்கியாச்சே! உன்னை ஏன் அனுப்பணும்?"

அப்போதுதான் கவனித்தேன். அறையில் ஒரு செய்தித்தாள்கூட இல்லை. ஒரு கணினி மட்டும் இருந்தது.

"அந்தத் திரைக்கு ஒண்ணுமே தெரியலை, அண்ணே. அதை வாங்கின தலைமை நூலகர், தன் மானம் போகக்கூடாதுன்னு, வர்ற கேள்விக்கெல்லாம் என்னை இங்கேர்ந்து பதில் எழுதச் சொன்னார். வெளியே சொன்னா வேலை போயிடும்னார். இப்ப திரையே இல்லை. அப்புறம் ஆள் எதுக்குன்னுட்டார்."



அவள் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

"நீங்க இன்னும் சாப்பிடலையா, அண்ணே?"