இரைப்பு நின்ற எலி

ஆய்வுக்கூடத்தில் ஒரே கூண்டில் இரண்டு எலிகள். இரண்டுக்கும் ஊசி போட்டு ஆஸ்துமாவை வரவழைத்திருந்தார்கள். சிவப்பு மை தடவிய வாலுக்குப் புது மருந்து. நீல மை தடவிய வாலுக்கு வெறும் உப்புத்தண்ணீர்.

அன்று காலை சிவப்புவால் துள்ளியது. "அண்ணே, இரைப்பு நின்னுடுச்சு! முழு மூச்சு வருது!"

"கத்தாதடா," என்றது நீலவால், மூச்சு வாங்கியபடி. "குணமானவனைத்தான் முதல்ல தூக்குவாங்க. மருந்து எப்படி வேலை செஞ்சுதுன்னு நெஞ்சைத் திறந்து பார்க்கணுமாம். அவங்க வரும்போது கொஞ்சம் இரைச்சுக் காட்டு."

"இரைக்கிறதா? அதுல நான் கெட்டிக்காரனாச்சேண்ணே!"

கையுறை போட்ட கை கூண்டுக்குள் இறங்கியது. சிவப்புவால் வாயைப் பிளந்து, விலாவை எக்கி, இத்தனை வாரமாய் விடாமல் வந்த அந்த விசில் சத்தத்தைத் தேடியது. எவ்வளவு முயன்றும் காற்று சத்தமே இல்லாமல் உள்ளே போய் வந்தது.