நாலு கோல் வாங்கின பிறகும்

மழை தூறிக்கொண்டே இருக்கிறது. தெருவுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய கிரிக்கெட் மைதானத்திலிருந்து கூட்டத்தின் இரைச்சல் அலை அலையாக வந்து விழுகிறது. இங்கே, பழைய ஹாக்கி மைதானத்தின் ஈர பெஞ்சுகளில் எண்ணிப் பார்த்தால் முப்பது பேர் தேறமாட்டார்கள். காலை ஷிப்டை முடித்துவிட்டு நேராக வந்த பஸ் டிரைவர், காக்கிச் சட்டை தோளில் ஒட்டிக்கொள்ள, முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஊர் அணி நாலு கோல் வாங்கியாயிற்று. பதிலுக்கு ஒன்றுகூடப் போடவில்லை. "போதும், எந்திரிக்கா," என்கிறான் பக்கத்தில் குடை பிடித்திருக்கும் தம்பி. "அந்தச் சத்தத்தைக் கேளு. இது கிரிக்கெட் ஊரா மாறி எவ்வளவோ நாளாச்சு." அவள் பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஜெயிக்கிற எடத்துல கத்துறதுக்கு யாரு வேணா வருவாங்கடா. நீ போறதுன்னா போ. குடையை வச்சிட்டுப் போ." விசில் ஒலிக்கிறது. எதிரணிக்குப் பெனால்டி கார்னர். கோல்கீப்பர் பெண் ஒரு கணம் தலை நிமிர்ந்து காலி பெஞ்சுகளைப் பார்க்கிறாள். டிரைவர் எழுந்துவிடுகிறாள். படிக்கட்டில் தொங்குகிறவர்களை அதட்டும் அதே தொண்டையில், "விடாதேம்மா!" என்று கத்தி, முன்னாலிருக்கும் தகரத் தடுப்பை உள்ளங்கையால் அறைகிறாள். பின்னாலிருந்து இன்னொரு கை சேர்கிறது, பிறகு பத்துக் கை. தகரம் அதிர்கிறது. பந்து சீறி வருகிறது. கீப்பர் பக்கவாட்டில் விழுந்து, காலை நீட்டி அதை வெளியே தள்ளிவிடுகிறாள். ஸ்கோர் பலகையில் கணக்கு மாறவில்லை. ஆனாலும் கோப்பையையே வாங்கிவிட்டது போல எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், தம்பியும்தான். "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு!" என்று மைதானத்தைப் பார்த்துக் கத்துகிறாள் டிரைவர். ஒருவரும் உட்காரவில்லை.