ஏழாவது நிபந்தனை

"கடலுக்கடியில நாங்க ரெண்டு பேரும் ஒரே மூச்சும்மா" என்று சொல்லிப் பேராசிரியர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நண்பரின் மனைவி எதிரே உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டினார்.

நண்பர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பவளப்பாறைகளை ஆராயும் முனைவர் பட்ட மாணவர் ஒருவருக்கு வருடாவருடம் நண்பர் பெயரில் நினைவு உதவித்தொகை கொடுக்க, அந்த அம்மாள் அறக்கட்டளைப் பத்திரத்தோடு பல்கலைக்கழகப் பதிவாளரின் அறைக்கு வந்திருந்தார். மாணவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குத் தலைவர் வேண்டும். ஆயுள் முழுக்க நிரந்தரப் பதவி.

அந்த நாற்காலிக்காகத்தான் பேராசிரியர் இரண்டு வாரமாக நாயாய் அலைந்தார். முதல் உதவித்தொகை மச்சினன் மகனுக்கு என்று வீட்டில் வாக்குக்கூடக் கொடுத்தாகிவிட்டது.

தலைவருக்கு என்ன தகுதி என்று பதிவாளர் கேட்டு வைத்தார். பேராசிரியர் கதையை எடுத்துவிட்டார். ஒருமுறை இருபது மீட்டர் ஆழத்தில் நண்பரின் சிலிண்டரில் காற்று தீர்ந்துபோக, இவர் தன் குழாயை அவர் வாயில் வைத்து மேலே கொண்டுவந்தாராம். இரங்கல் கூட்டத்தில் சொன்னபோது அது பத்து மீட்டர்தான். செத்தவர் சாட்சி சொல்ல வரமாட்டார் என்ற தைரியம்.

அந்த அம்மாள் ஒரு படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். படகில் இருவரும் நிற்கிறார்கள். நண்பர் சொட்டச் சொட்ட நனைந்து சிரிக்கிறார். பேராசிரியர் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலை வகிடு கலையாமல், படகின் கம்பியைப் பிடித்திருக்கிறார்.

"அன்னிக்கு நான் முதல்லயே மேல வந்துட்டேன்" என்றார் பேராசிரியர்.

பத்திரம் பதினோரு பக்கம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி நண்பரே வாசகம் சொல்லி எழுத வைத்தது. ஒரு தடவை படித்துவிடுங்கள் என்று அந்த அம்மாள் சொல்லிப் பார்த்தார்.

"அவன் எழுதினதை நான் எதுக்கும்மா படிக்கணும்?"

உண்மைதான். நண்பர் எழுதிய நாற்பது ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு வரிகூடப் படிக்காமல், துறைத்தலைவர் என்ற உரிமையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்ட கை அது. இப்போதும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்திட்டது. பதிவாளர் முத்திரை குத்தினார்.

"ஏழாவது நிபந்தனையை மட்டும் கொஞ்சம் சத்தமா படிங்க சார்" என்றார் அந்த அம்மாள். பதிவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

மாணவர் ஆராயப்போகும் பவளப்பாறையைத் தேர்வுக்குழுத் தலைவர் ஒவ்வோர் ஆண்டும் தாமே கடலில் இறங்கிப் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். ஆழம் பன்னிரண்டு மீட்டர். இறங்க முடியாவிட்டால், அதற்கான உண்மைக் காரணத்தைத் தம் கைப்பட எழுதித் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

"இருபது மீட்டர்ல உயிரைக் காப்பாத்தினவருக்குப் பன்னிரண்டெல்லாம் ஒரு ஆழமா சார்?" என்று பதிவாளர் வெள்ளந்தியாகக் கை குலுக்கினார்.

நண்பர் படத்தில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் முதல்முறையாகப் பேராசிரியருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அந்த அம்மாள் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை படகு சொல்லியாச்சு சார். அதுக்குள்ள நீச்சல் கத்துக்குவீங்கல்ல?"